கரியும் செங்கல்லும் தேங்காய் மட்டையும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் அரிசிப் பையும் எண்ணெய்ப் போத்தலும் சார்டின் டின்களும் வந்து இறங்கின. அதற்குக் காரணம் ஆர்கிட் செடி. இதை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் நானே சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். பாதி தூரம் போனதும் சிரிப்பு நின்றுவிடும். அதனால் இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

செங் என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். மின்சாதனங்களுக்கான சின்னச் சின்னப் பாகங்கள் செய்யும் இடம். செய்து வரும் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் லைன் என்னுடையது. முதலில் அந்த லைனை மூடினார்கள். என் கீழ் வேலை செய்த ஓப்பரேட்டர்கள் எல்லாரும் போனார்கள். சூப்பர்வைசர்களை வேறு இடத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லிச் சில மாதங்கள் வைத்திருந்து, பிறகு எங்களையும் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி ஒரு கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்தாள். தங்கா பத்துவில் கடலுக்குப் பக்கமாக ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு, வரிசை வீடுகளில் ஓர வீடு. வேலை போனதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்ததுமில்லை. மனைவியின் அண்ணன் போன் செய்து கேட்டபோது, "அவருக்கு இப்ப வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலைலா அண்ணே" என்று அவள் சொன்னது சமையலறையிலிருந்து என் காதில் விழுந்தது. நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதோடு அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. யார் கேட்டாலும் கம்ப்யூட்டரில் வேலை.

சீனப் பெருநாள் முடிந்த சமயம், மனைவி கிளினிக்கிலிருந்து ஒரு பூச்செடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளைப் பீங்கான் தொட்டியில், அகலமான தடித்த இலைகளுடன் ஓர் ஆர்கிட். யாரோ டாக்டருக்குப் பரிசாகக் கொடுத்தது. பூவெல்லாம் உதிர்ந்துவிட்டதால் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்களாம்.

"பாவமா இருந்துச்சு. நீங்க சும்மாதானே இருக்கீங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 'சும்மாதானே' என்ற அந்த வார்த்தை அன்று முழுவதும் என் கூடவே நடந்தது.

செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காலையில் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப். கொஞ்ச நாளில் கீழ் இலை மஞ்சளானது. அடுத்த இலை அடித்தண்டோடு கழன்று கையில் வந்தது. பீங்கானுக்குள் இருந்த பிளாஸ்டிக் கோப்பையை உருவிப் பார்த்தேன். உள்ளே மண்ணே இல்லை. ஈரப் பஞ்சு போல ஏதோ பாசியை இறுக்கி அடைத்திருந்தார்கள். அதைப் பிய்த்தால், வேர்கள் பழைய மீ நூடல் மாதிரி கொழகொழவென்று நாறின. மண் இல்லாததுதான் குறை என்று நினைத்தேன். ரோட்டோரம் இருக்கும் பூச்செடிக் கடையில் கறுப்பு மண் ஒரு பை வாங்கி வந்து, நன்றாக அழுத்தி நட்டு, மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாரம் தாங்கவில்லை.

மனைவி செத்த செடியை எடுத்துப் போட்டாள். பீங்கான் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதில் உள்ளர்த்தம் எதுவுமில்லைதான். ஆனால் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் மனிதனுக்கு எல்லாமே ஏதோ சொல்வது போலத்தான் தெரியும். நம்பிக் கொடுத்த ஒரே ஒரு பொருளையும் சாகடித்துவிட்டான் என்று அந்தத் தொட்டி சொல்வது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். போனில் வீடியோக்கள் பார்த்தேன். காட்டில் இந்தச் செடி மண்ணில் வளர்வதே இல்லை, மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது என்று தெரிந்துகொண்டேன். மழை பெய்தால் வேர் நனையும், காற்று அடித்தால் காயும். நனைவது எவ்வளவு முக்கியமோ காய்வதும் அவ்வளவு முக்கியம். தொட்டியில் நாம் போடுவது செடிக்குச் சாப்பாடு இல்லை. அது சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அப்படியானால் எதைப் போடுவது என்ற கேள்விக்கு அர்த்தம், எது எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்பதுதான். வீடியோவில் வந்தவர்கள் எல்லாரும் குளிர்நாட்டுக்காரர்கள். மூடிய ஜன்னல், ஹீட்டர், வறண்ட காற்று. அவர்களுக்குப் பாசி சரி. எங்கள் தாமானில் துண்டைக் காயப்போட்டால் மறுநாளும் பாதி ஈரமாக இருக்கும். நான் அதே பாசியில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, செடியை மூச்சுவிட முடியாமல் செய்திருக்கிறேன்.

இது புரிந்ததும், இன்னொரு செடி கிடைத்தால் பிழைக்க வைத்துவிடலாம் என்று ஒரு வேகம் வந்தது. செடிக்குப் பஞ்சமே இல்லை. பெருநாள் முடிந்து பூ உதிர்ந்ததும் எங்கள் தாமானில் பாதிப் பேர் ஆர்கிட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். குப்பை லோரி வருவதற்கு முன்னால் காலையில் ஒரு சுற்று நடந்தேன். முதல் நாள், மூடி திறந்திருந்த தொட்டியின் மேலேயே ஒன்று கிடந்தது. சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் மூடியைத் திறந்தேன். அதற்கடுத்து, தோள்வரை கையை விடவும் பழகிக்கொண்டேன்.

வீட்டின் பின்புறம் பழைய இரும்புத் தட்டு ஒன்றில் அவற்றை வரிசையாக வைத்தேன். ஒன்றுக்குப் பாசி மட்டும், தளர்வாக. ஒன்றுக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள். ஒன்றுக்கு அடுப்புக்கரி. ஒன்றுக்கு உடைந்த செங்கல். ஒன்றுக்கு எல்லாம் கலந்து. மத்தியானம் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி எடையைப் பார்ப்பேன். கனமாக இருந்தால் இன்னும் ஈரம், லேசாக இருந்தால் காய்ந்துவிட்டது. ஒளி ஊடுருவும் கோப்பையில் வேரைப் பார்த்தாலும் தெரியும். நனைந்த வேர் பச்சை, காய்ந்த வேர் வெள்ளி. வேலை போனவனுக்கு மறுபடியும் ஒரு லைன் கிடைத்த மாதிரி இருந்தது.

மட்டைத் துண்டுகளை நான் ஊறவைக்காமல் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் தேயிலை நிறத்தில் தண்ணீர் வடிந்தது. வேர் நுனிகள் கருகின. பிறகு வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை நாள்தோறும் மாற்றி மாற்றி ஊறவைத்தேன். அப்போது செடி நன்றாகத்தான் வந்தது. ஆனால் தொடர் மழையில் மட்டை கூழாகி, நத்தை வந்து குடியேறியது. கரியில் அழுகல் என்பதே இல்லை. ஆனால் கடல் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அதில் ஈரம் நிற்காமல் இலைகள் சுருங்கின. செங்கல் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்தது, ஆனால் தட்டே வளைகிற கனம். கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஒத்து வந்த கலவை இதுதான்: அடியில் பெரிய செங்கல் துண்டுகள், அதற்கு மேல் கட்டை விரல் பருமனில் கரி, இடையிடையே ஊறவைத்த மட்டை ஒரு கைப்பிடி. பக்கவாட்டிலும் துளை இருக்கும் தொட்டி. மதில் நிழலில் வைப்பவருக்கு மட்டையே வேண்டாம். மாடியில் தொங்க விடுபவருக்கு இரண்டு கைப்பிடி வேண்டும்.

இதையெல்லாம் கடையில் வாங்கியிருக்கலாம். பையில் அடைத்துக் கலந்தே விற்கிறார்கள். ஆனால் மனைவியின் சம்பளத்தில் வீடு நடக்கும்போது, தூக்கிப் போட்ட செடிக்குக் கரி வாங்கக் கடை வரிசையில் போய் நிற்க எனக்கு முகமில்லை. அதனால் பொறுக்கினேன். அடுத்த வரிசையில் ஒரு வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே குவித்திருந்த உடைந்த செங்கல்லை ஒரு வாளியில் அள்ளி வந்தேன். பசார் மாலம் எனும் இரவுச் சந்தையில் தேங்காய் விற்பவர் ஒதுக்கிப் போடும் மட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். கரிக்குத்தான் வழி தெரியவில்லை. பிறகு மெயின் ரோட்டில், இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் சாத்தே கடை ஞாபகம் வந்தது. கரி மூட்டையின் அடியில் தங்கும் சின்னத் துண்டுகள் சாத்தே சுட உதவாது. எனக்கு வேண்டியதோ அந்த அளவுதான்.

கடை திறக்குமுன் ஒரு சாயங்காலம் போனேன். கடைக்காரர் என் வயதுடைய மலாய்க்காரர், அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலாயில் கேட்டேன், சின்னக் கரி இருந்தால் கொஞ்சம் கொடுக்க முடியுமா என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கால்சட்டையில் செங்கல் தூசி. கையில் பழைய அரிசிச் சாக்கு.

"சமைக்கவா, அண்ணே?" என்று கேட்டார்.

பூச்செடிக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். ஆண்கள் எல்லாம் வேலையில் இருக்கிற நேரத்தில், ஒருத்தன் பூச்செடிக்குக் கரி கேட்டு வந்து நிற்கிறான் என்பது அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. தலையை ஆட்டினேன். ஆமாம், சமைக்க.

அவர் சாக்கை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். அடுத்த தடவை நான் போனபோது, கரிச் சாக்கோடு பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றையும் நீட்டினார். சூடாக இருந்தது. சாத்தேயும் அமுக்குச் சோறும். நான் வேண்டாம் என்றேன். "அம்பில், அண்ணே, அம்பில்" என்று என் கையைப் பிடித்து அதில் வைத்தார். எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவ்வளவு மெதுவாக, பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கேட்காதபடி சொன்னார். காரைத் தள்ளி நிறுத்தியிருந்தேன். அதில் உட்கார்ந்து அத்தனையையும் சாப்பிட்டேன். குச்சிகளை வழியில் ஒரு வாய்க்காலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மனைவி கேட்டபோது பசியில்லை என்றேன்.

சில நாட்கள் கழித்து ஒரு காலை. ஒரு குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பைகளுக்கு அடியில் சிக்கிக்கிடந்த ஆர்கிட்டை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் நின்றது.

"அண்ணே?"

திரும்பினேன். என் லைனில் வேலை செய்த பெண். நாற்பது வயது இருக்கும். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருவார். அவருடைய அக்கா எங்கள் தாமானில் இரண்டு வரிசை தள்ளிக் குடியிருப்பது அப்போது எனக்குத் தெரியாது. கையில் தூக்குச்சட்டியோடு நின்றார். அவர் கண் என் முகத்திலிருந்து தொட்டிக்குள் இருந்த என் கைக்குப் போனது.

நான் செய்தது இதுதான். அவரை அடையாளம் தெரியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, செடியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். வேகமாக. அவர் மறுபடியும் ஒரு தடவை "அண்ணே" என்றார். நான் திரும்பவில்லை.

அந்த மாதக் கடைசியில்தான் அந்த ஞாயிறு. மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் வாசலில் ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் கரி கழுவிக்கொண்டிருந்தேன். பழைய கால்சட்டை, கிழிந்த பனியன். கரித்தூள் முழங்கைவரை ஏறியிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்ததில் முகமெல்லாம் கரி. ஒரு வேன் வந்து கேட் முன்னால் நின்றது. அந்தப் பெண் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் என் லைனில் இருந்த இன்னும் மூன்று பெண்கள், பிறகு போர்க்லிப்ட் ஓட்டிய தம்பி. ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு வந்து, அரிசிப் பை, எண்ணெய், சீனி, சார்டின் டின்கள் என்று ஒவ்வொன்றாகத் திண்டில் இறக்கி வைத்தார்கள். ஒரு பெண் என் கைகளைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றார் அந்தப் பெண். "நீங்க சூப்பர்வைசர்னு கூச்சப்படுறீங்களா? நாங்க எல்லாம் யாரு உங்களுக்கு?"

அவர்கள் ஒவ்வொருவரும் எனக்கு முன்னாலேயே வேலை இழந்தவர்கள். அதை நினைத்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஐயையோ, இது பூச்செடிக்கு அம்மா, உள்ளே வந்து பாருங்கள் என்று சிரித்திருக்கலாம். பின்புறம் ஒரு தட்டு நிறைய சாட்சி இருந்தது. ஆனால் அந்தப் பெண் என் கரி படிந்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விரல்களிலும் கரி ஒட்டிக்கொண்டது. என் தொண்டையிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"தேங்க்ஸ்மா."

அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். எனக்குச் செலவு வைக்கக் கூடாதென்று.

மனைவி வந்து பார்த்தாள். காய்கறிப் பையைக் கீழே வைக்கவில்லை.

"யாருங்க கொண்டு வந்தது?"

சொன்னேன். சாத்தே கடை உட்பட எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் காலையில அயர்ன் பண்ணி, லிப்ஸ்டிக் போட்டு, கிளினிக்குக்குப் போறேன்" என்றாள். "இந்தத் தாமானே என்னைப் பார்த்து என்ன நினைச்சிருக்கும்? புருஷன் குப்பையில தேடுறாரு, இவ மினுக்கிக்கிட்டுப் போறான்னு."

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. என் வெட்கத்தையே கட்டிக்கொண்டு இருந்ததில், அவள் தலையில் எவ்வளவு கொட்டியிருக்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது.

"திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். "அவங்க பிள்ளைங்க சாப்பிட வேண்டியது."

உடனே போகவில்லை. நாளை நாளை என்று தள்ளிப்போட்டேன். திண்டில் இருந்த பைகளைக் கடந்துதான் பின்புறம் போக வேண்டும். அதனால் செடிகளையும் சரியாகப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை மனைவி தானே பைகளைக் காரின் பின்பெட்டியான பூட்டில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனாள். அதற்கு மேல் தள்ள முடியவில்லை.

சிம்பாங் அம்பாட்டில் விசாரித்து அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். கடைவரிசைக்கு எதிரே மரத்தடியில் குடை விரித்து, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் வடையும் விற்றுக்கொண்டிருந்தார். பசியாற வருகிறவர்கள் கூட்டம் முடிந்து சட்டிகளைக் கழுவும் நேரம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா? இருங்க."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்துவிட்டார். அதைத் தொடாமல் நான் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். ஆர்கிட் வளர்க்கிறேன், அதற்கு மண் ஆகாது, கரியும் செங்கல்லும் மட்டையும் வேண்டும், குப்பைத் தொட்டியில் தேடியது தூக்கிப் போட்ட செடியை. போனை எடுத்துப் படங்களைக் காட்டினேன். வேர், தொட்டி, புது இலை. பேசப் பேச எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. நான் பிச்சைக்காரன் இல்லை என்று ஒரு ஆளுக்காவது நிரூபித்துவிட்ட நிம்மதி.

பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பூச்செடிக்கா அண்ணே?" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்குத் தெரியாதுலா அண்ணே. அக்கா சொன்னிச்சு, சாத்தே கடையில சமைக்கக் கரி கேக்குறாருன்னு அங்க பேசிக்கிட்டாங்கன்னு. நானும் கண்ணால பார்த்தேன். நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. வீடு வீடாப் போனேன். அண்ணன் குப்பையில சாப்பாடு தேடுறாருன்னு சொன்னேன்."

அப்படி ஒரு வாக்கியமாக அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. ஆனால் அவர் இன்னும் அதிகமாகக் கூசிப்போயிருந்தார். மேசையைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே. உங்களக் கேவலப்படுத்திட்டேன். நான் ஒரு முட்டாள்."

என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்து, அவருடையதைப் பறித்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, வேன் பிடித்து வந்த ஒரு பெண்ணை முட்டாள் என்று தன்னைத் தானே சொல்ல வைத்துவிட்டேன். எதற்கு? நான்கு படம் காட்டுவதற்கு.

"நீ தப்பா நினைக்கலம்மா" என்றேன். "வேலை இல்லாதது நிஜம்தான். போன வருஷமே போயிருச்சு. சம்சாரம் சம்பளத்துலதான் இருக்கோம். யாருக்கும் சொல்லல."

வெளி ஆள் ஒருவரிடம் இதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"அது தெரியும்ணே."

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உங்க மச்சானுக்கே தெரியுமே. அவர் கேட்டுத்தான் எங்க அக்கா வீட்டுக்காரரு அங்க இங்க வேலை விசாரிச்சிருக்காரு."

 டிவி சத்தத்தைக் கூட்டி, கம்ப்யூட்டர் வேலை என்று கதை கட்டி, உறவு வீட்டு விசேஷங்களுக்குப் போகாமல் ஒளிந்து, நாங்கள் இருவரும் மூடி வைத்தது ஊருக்கே தெரிந்த விஷயம். தெரியாதது போல அவர்கள்தான் எங்களுக்காக நடித்திருக்கிறார்கள்.

"அரிசியைத் திருப்பித் தரலாம்னு வந்தேன்" என்றேன் மெதுவாக. "பூட்டுல இருக்கு."

"எடுத்துட்டுப் போங்கண்ணே. வேலை இல்லாததும் நிஜம்தானே. அரிசி என்ன, பூச்செடிக்கா குடுத்தோம்?"

இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. உடனே அவர் முகம் மாறியது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு மட்டும் அண்ணே. மத்தவங்ககிட்ட இந்தப் பூ விஷயத்த சொல்லாதீங்க. அவங்களும் கஷ்டத்துலதான் குடுத்தாங்க. விளையாட்டாப் போச்சுன்னு தெரிஞ்சா என்னைச் சும்மா விடமாட்டாங்க. இன்னொருத்தருக்குன்னு கேட்டாலும் நாளைக்கு நம்பமாட்டாங்க."

சொல்லமாட்டேன் என்றேன். லைன் மூடிய பிறகு அவர் எப்படிச் சமாளித்தார் என்று அன்றுதான் கேட்டேன். முதலில் ஒரு கோழிப் பண்ணையில் கொஞ்ச நாள், பிறகு இந்தக் கடை என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொட்டலத்தைச் சாப்பிட்டு முடித்தேன். காசு கொடுக்கப் போகும் தப்பைச் செய்யவில்லை.

வீட்டுக்கு அதே பைகளோடு திரும்பினேன். மனைவி வேலை முடிந்து வந்ததும் பூட்டைத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உன் அண்ணனுக்குத் தெரியுமாம், எல்லாருக்கும் தெரியுமாம் என்றேன். அவள் காரில் சாய்ந்துகொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்றபடி அண்ணனை அழைத்தாள். "அண்ணே, அவருக்கு வேலை போயிருச்சு" என்று சொன்னவுடனேயே அழுதுவிட்டாள். அன்று அந்த அரிசியில்தான் சோறு வடித்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். நல்ல அரிசி.

மச்சான் சொல்லி ஒரு நேர்முகத்துக்குப் போனேன். செங்கில் ஒரு கட்டுமானச் சாமான் கிடங்கில் ஸ்டோர் வேலை. இந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார். கம்ப்யூட்டர் கதையைச் சொல்லவில்லை. வீட்டில் இருந்தேன், ஆர்கிட் வளர்த்தேன் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேலை கிடைத்தது. பழைய வேலையைவிடச் சின்ன வேலைதான்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் கேண்டீனில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். அன்று வேனில் வந்த போர்க்லிப்ட் தம்பி. அவனுக்கும் இங்கேதான் வேலை கிடைத்திருந்தது. என் தட்டை எட்டிப் பார்த்தான்.

"இப்ப பரவாயில்லையாண்ணே? சாப்பாட்டுக்கெல்லாம் கஷ்டம் இல்லையே?"

சத்தமாகக் கேட்டான். நல்ல மனது அவனுக்கு. மேசையில் இருந்த மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனபோது, அவன் அவர்களிடம் குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது. திரும்பி வந்தபோது ஒருவர் தன் தட்டிலிருந்த பொரித்த மீனில் பாதியை என் தட்டில் வைத்திருந்தார்.

கழுத்திலிருந்து சூடு ஏறி இரண்டு காதும் எரிந்தன. போனில் இன்னும் படங்கள் எல்லாம் இருந்தன. இப்போது பூ விட்டிருந்த ஒரு செடியின் படம்கூட. மேசையில் போன் பக்கத்திலேயே கிடந்தது.

"இப்ப பரவாயில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு மீனைச் சாப்பிட்டேன்.